எட்டுச் சென்ரிமீற்றர்

2015 தை மாதத்தில் ஒருநாள் காலை சித்தப்பா எங்கள் கிணற்றடிக்கு வந்தார். வாளியை இறக்கி முக்கால் வாளி அள்ளினார். குடிக்கவில்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் குனிந்து, கண்ணை மூடி மணந்து பார்த்தார். பிறகு இரண்டு விரலைத் தண்ணீரில் தோய்த்துப் பெருவிரலோடு உரசினார். எழுபத்திரண்டு வயது மனிதர் ஒரு வாளித் தண்ணீரோடு இவ்வளவு நேரம் மினக்கெடுவதைப் பார்த்து என் மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை, இது எலேமே மணம்" என்றார்.

எலேமே என்ற பெயர் எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். நைஜீரியாவின் தெற்கில் போர்ட் ஹார்கோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடம். 1980 இலிருந்து 1986 வரை சித்தப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்குப் போனார்கள். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏற, அந்த நாட்டு அரசின் கையில் காசு சேர்ந்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள், படிப்பிக்க ஆள் போதவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படிப்பிக்கக்கூடிய எங்கள் ஆட்களுக்கு அது பெரிய வாய்ப்பு. எங்கள் பக்கத்து ஊர்களில் 'நைஜீரியா மாஸ்டர்' என்று சொன்னால் எந்த வீடு என்று தெரியும். எண்ணெய் தந்த காசு அது. என் ஏ.எல். ரியூசன் காசும், நான் பல்கலைக்கழகம் போகும்போது வாங்கித் தந்த லுமாலா சைக்கிளும் அந்தக் காசில் வந்தவைதான். இதை முதலே சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

எலேமேயில் 1965 இலிருந்தே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. நீல நிற ஏரோகிராமில் சித்தப்பா எழுதிய ஒரு வரியை அம்மா எல்லோருக்கும் வாசித்துக் காட்டினது நினைவிருக்கிறது: இங்கே இரவு வடிவாக இருட்டுவதில்லை என்று. எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் வருமாம். அதைப் பிடித்துச் சேமிக்கச் செலவு என்பதால் குழாய் முனையில் கொளுத்தி விடுவார்களாம். இரவு பகலாக எரியுமாம். சிறுபிள்ளையான எனக்கு அது திருவிழா மாதிரித் தோன்றியது. கோயில் வீதியில் வாணம் விடுவது போல ஒவ்வொரு இரவும் என்று நினைத்தேன். கூரைத் தகரம் இரண்டு மாரிக்குள் ஓட்டையாகிறது, மழைத் தண்ணீரை ஏனத்தில் பிடித்தால் அடியில் கறுப்பாகப் படிகிறது என்று பிறகு வந்த கடிதங்களில் எழுதினார். அந்த வரிகளை அம்மா சத்தமாக வாசிக்கவில்லை. சித்தப்பா செத்த பிறகு கடிதக் கட்டைப் பிரித்தபோதுதான் நான் வாசித்தேன்.

யாழ்ப்பாணத்துக் கிணறு பற்றி வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க எல்லாம் கிணறுதான். கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் குகையும். மாரி மழை செம்பாட்டு மண்ணுக்குள்ளால் இறங்கி, அந்தப் பொந்துகளில் தேங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆளுக்கு ஆள் வேலி இருக்கிறது, தண்ணீருக்கு வேலி இல்லை. ஒரு காணியில் ஊற்றினது எந்தக் காணியில் எழும்பும் என்று யாருக்கும் சொல்ல ஏலாது.

சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற கதை 2013, 2014 இல் பரவலாக அடிபட்டது. நாங்கள் ஏழாலையில். எங்கள் கிணற்றில் முதலில் படலம் மட்டும்தான். வெயில் பட்டால் வாளிக்குள் வானவில் மாதிரி நிறம் தெரியும். மகள் அதை வடிவு என்று சொன்னாள். பிறகு தேத்தண்ணீரில் மணந்தது. பிறகு சோற்றில். சுன்னாகத்தில் மின் உற்பத்திக்காக எரித்த எண்ணெயின் கழிவு நிலத்துக்குள் போயிருக்கிறது என்று ஊர் சொன்னது. ஒரு ஆய்வு ஆபத்து என்றது, இன்னொன்று பயமில்லை என்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு அலுவலகத்தார் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார்கள், முடிவு வரவில்லை. நாலு தரம் போய்க் கேட்டேன். நான் இரசாயனம் படிப்பிக்கிற ஆள், அறிக்கையை வாசித்து விளங்கிக்கொள்ளுவேன், தாருங்கோ என்றேன். கடைசித் தரம் போனபோது என்னை உள்ளே விடவில்லை.

தண்ணீர்ப் பவுசர் வந்தது. கறுத்தத் தாங்கிகளை ஒழுங்கை முடக்கில் வைத்தார்கள். காலை ஐந்தரைக்குக் கானோடு வரிசை. எந்த வீட்டுக் கிணறு பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று சொந்தத்துக்குள்ளேயே சண்டை வந்தது. எண்ணெய் இருக்கிறது என்று வெளியே சொன்னால் காணி விலை போகாது, தோட்டத்து மரக்கறியைச் சந்தையில் வாங்கமாட்டார்கள் என்று சிலர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பின்வளவுக்காரர் அப்படித்தான் என்னோடு கோபித்துக்கொண்டார். முப்பது வருடப் பழக்கம். "ரீச்சர், நீங்கள் பேப்பர்காரனுக்குச் சொல்லி என்ர வெங்காயத்தை அழிக்கப் பாக்கிறியளோ?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு போகம் வெங்காயம் விற்காவிட்டால் அவருடைய அடைவு நகை மீளாது.

அந்த நாட்களில்தான் சித்தப்பா எனக்கு ஓகோனி பற்றி ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார். ஓகோனி என்பது அங்கே ஒரு சின்ன இனம்; எலேமே அவர்களுடைய நிலத்தின் மேற்குப் பக்கம். அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓகோனி நிலம் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். எங்கள் யாழ் மாவட்டமும் 1,025 தான். தொண்ணூறுகளில் அங்கே ஐந்து இலட்சம் பேர் என்று கணக்கு. 2012 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து அந்த ஊர் எனக்குத் தூரத்து ஊர் இல்லை. பலாலியிலிருந்து பண்ணை வரை, பருத்தித்துறையிலிருந்து மாதகல் வரை உள்ள நிலத்தின் கீழே எண்ணெய் இருந்து, 1950களின் கடைசியிலிருந்து தோண்டி எடுத்து, அதன் குழாய்கள் எங்கள் கொல்லைக்குள்ளாலும் கோயில் வீதியாலும் போனால் எப்படியோ, அப்படி.

2011 ஓகஸ்ட்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் ஓகோனி பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்து எழுதினது. மகள் அதை இணையத்தில் எடுத்துத் தந்தாள். எலேமேயில் நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில், அரசு எண்ணெய்க் கழகத்தின் குழாய் ஒன்றுக்குப் பக்கத்தில், மக்கள் குடிக்கிற கிணறுகளில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட 900 மடங்குக்கு மேல். ஓரிடத்தில் நிலத்தடித் தண்ணீரின் மேலே சுத்திகரித்த எண்ணெய் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் மிதந்தது.

பென்சீனை நான் இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். ஆறு காபன், ஆறு ஐதரசன், நடுவில் ஒரு வட்டம். புற்றுநோயாக்கி என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன்; பரீட்சைக்கு அவ்வளவு போதும். அன்றிரவு அடிமட்டத்தை எடுத்து எங்கள் வாளிக்குள் வைத்து எட்டுச் சென்ரிமீற்றர் அளந்து பார்த்தேன். என் நாலு விரலையும் சேர்த்துப் படுக்க வைத்தால் அந்த அகலம். எங்களுக்கு வெறும் படலத்துக்கே உயிர் போனது. நாலு விரல் எண்ணெயை விலக்கித் தண்ணீர் மொள்ளுகிற ஒரு தாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. நிலத்தைத் திரும்பச் சரியாக்க 25 இலிருந்து 30 வருடம் எடுக்கும், தொடங்குவதற்கே 100 கோடி டொலர் வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. சித்தப்பாவின் மாணவர்களுக்கு அப்போதே ஐம்பது வயது நெருங்கியிருக்கும்.

ஓகோனி நிலம் இருக்கிற நைஜர் கழிமுகம் என்றால் இணையத்தில் முகமூடி கட்டிய பெடியள் படகில் துப்பாக்கியோடு நிற்கிற படம் வரும். வெளிநாட்டு எண்ணெய் வேலையாட்களைக் கடத்தினவர்கள், குழாயை உடைத்தவர்கள், வெடி வைத்தவர்கள். அதெல்லாம் நடந்தது. 2006 இல் தலையெடுத்த மெண்ட் இயக்கம் எண்ணெய் ஏற்றுமதியையே ஆட்டிப் பார்த்தது. எனக்குள்ள மனவருத்தம், கதையைத் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதுதான். எங்களுடைய கதையையும் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். முதலில் நடந்தது எது, பிறகு நடந்தது எது என்று வரிசையாகச் சொன்னால் ஒழிய நியாயம் விளங்காது.

கழிமுகத்தில் எண்ணெயைக் கண்டுபிடித்தது 1956 இல், ஒலோய்பிரி என்ற ஊரில். 1958 இல் ஏற்றுமதி தொடங்கியது. சுதந்திரம் 1960 இல். அப்போது தாதுப்பொருள் வருமானத்தில் பாதி அது கிடைத்த மாகாணத்துக்கு என்று விதி. 1969 சட்டத்தில் நிலத்தின் கீழுள்ள எண்ணெய் முழுக்க மத்திய அரசின் சொத்து. எடுக்கிற இடத்துக்குப் போன பங்கு எண்பதுகளில் 1.5 வீதத்துக்கு வந்து நின்றது. சித்தப்பாவின் சம்பளமும் அந்த ஆண்டுகளில் வந்த காசுதான். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இல்லை, வாசலால் எண்ணெய்க் குழாய் போகிறது என்று அவர் எழுதியிருந்தார்.

1990 இல் ஓகோனி மக்கள் உரிமைச் சாசனம் ஒன்றை எழுதி அரசுக்குக் கொடுத்தார்கள். மோசொப் என்ற அமைப்பும் அந்த ஆண்டுதான் உருவானது. அதில் முன்னுக்கு நின்றவர் கென் சரோ-விவா, எழுத்தாளர். அவர் எழுதித் தயாரித்த நகைச்சுவைத் தொடர் எண்பதுகளின் நடுவில் நைஜீரியத் தொலைக்காட்சியில் போனது. சித்தப்பா பக்கத்து வீட்டில் இருந்து பார்த்திருக்கிறார். நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக நடந்த பியாஃப்ரா யுத்தத்தில் சரோ-விவா பிரிவினைப் பக்கம் நிற்கவில்லை, மத்திய அரசின் பக்கம் நின்றவர். பொனி எண்ணெய்த் துறைமுகத்துக்கு நிர்வாகியாக இருந்தவர். சின்ன இனம் ஒன்று பெரிய இனத்துக்கும் அதைவிடப் பெரிய அரசுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்ற கேள்வி அவருக்கு இருந்தது.

1993 ஜனவரி 4 அன்று ஏறக்குறைய மூன்று இலட்சம் ஓகோனிகள் தெருவுக்கு வந்தார்கள். ஐந்து இலட்சத்தில் மூன்று இலட்சம். கையில் பச்சை இலைக்கொப்பு. ஒரு கல் எறியப்படவில்லை. அந்த ஆண்டே ஷெல் நிறுவனம் ஓகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில், குழாய் போட வந்தவர்கள் பயிர் நின்ற நிலத்தை இடிக்க, மக்கள் மறிக்க, இராணுவம் சுட்டது.

இதற்கு முதல் ஆயுதமே இல்லை என்று நான் சொன்னால் பொய். 1966 பெப்ரவரியில் ஐசக் போரோ என்ற இஜோ இனத்து இளைஞர் கழிமுகக் குடியரசு என்று அறிவித்து, பன்னிரண்டு நாள் சண்டை பிடித்துப் பிடிபட்டார். ஆனால் அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் மனுவும் ஊர்வலமும்தான் கூட. 1990 ஒக்டோபர் கடைசியில் உமுஎகெம் என்ற ஊரில் இளைஞர்கள் ஷெல்லுக்கு எதிராக அமைதியாகக் கூடி நின்றபோது பொலிசார் வந்து ஏறக்குறைய எண்பது பேரைக் கொன்று ஐந்நூறு வீடு வரை அழித்தார்கள். அந்த ஒக்டோபர் கடைசியில் இங்கே என்ன நடந்தது என்று யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். எங்கள் முஸ்லிம் சனம் சில மணித்தியாலத்துக்குள் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டது. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி ஐந்துசந்தியிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு போனாள். நாங்கள் வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையாகச் சொல்வதென்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சித்தப்பா ஓகோனிக் கதை சொல்லும்போது ஒரு இடத்தில் கட்டாயம் நிற்பார். "நாலு பேரைச் சொல்லாமல் ஒன்பது பேரைச் சொல்லாதை, பிள்ளை" என்பார். 1994 மே 21 அன்று கியோகூ என்ற ஊரில் கூட்டம் கூடியிருந்த நாலு ஓகோனிப் பெரியவர்களை அவர்களுடைய சனத்திலேயே ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. எட்வர்ட் கோபானி, அல்பேர்ட் பாடே, சாமுவேல் ஒராகே, தியோபிலஸ் ஒராகே. இயக்கத்தின் போக்கோடு ஒத்துப்போகாதவர்கள், அரசின் ஆட்கள் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள். சரோ-விவா அந்த இடத்திலேயே இருக்கவில்லை. இருந்தும் கொலையைத் தூண்டினார் என்று அவரையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். விசேட நீதிமன்றம், மேன்முறையீடு கிடையாது. 1995 நவம்பர் 10 அன்று ஒன்பது பேரைப் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

நாலு பேரைச் சொல்லச் சொன்னதற்குச் சித்தப்பாவிடம் வேறு காரணமும் இருந்தது. அவரோடு படித்த அதிபர் ஒருவர் எண்பதுகளின் கடைசியில் தன் வீட்டுப் படலையில் வைத்துச் சுடப்பட்டார். சுட்டவர்கள் எங்கள் பெடியள்தான். செத்தவீட்டுக்குப் போக ஊர் பயந்தது. சித்தப்பா போனார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை, சித்திதான் சொன்னா.

இனி நான் கேட்காமல் விட்ட கதை.

1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்க, நாங்கள் இருந்த வலிகாமம் முழுக்க வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனத்துக்குள் நானும் அம்மாவும் சித்தப்பா குடும்பமும். அந்தத் தூரத்தை நடக்க இரவு முழுக்கச் சென்றது. நாலைந்து இலட்சம் பேர் ஒரே நேரத்தில் அந்த வழியால் போனால் கால் வைக்க இடம் இருக்காது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம் ஒதுங்கினோம்.

1990 இலிருந்து எங்களுக்கு மின்சாரமில்லை, பற்றரி வரத்தில்லை. பெற்றோல் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் நான் பட்டப்படிப்புக்குப் படித்தேன். எண்ணெய் என்றால் எங்களுக்குத் துளிக் கணக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்போம். அந்த நவம்பரில் ஒரு இரவு சித்தப்பா பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிபிசி. ஏதோ ஒரு செய்தியில் அவருடைய கை நின்றது. கை நின்றதும் றேடியோவும் நின்றது. எல்லோரும் "சுத்துங்கோ மாஸ்டர், சுத்துங்கோ" என்று கத்தினார்கள். அவர் எழும்பிப் போய்ச் சுவரோரம் இருந்துவிட்டார். அழுதார்.

நான் போய்க் கேட்டேன். நைஜீரியாவில் ஒன்பது பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள், என்ர பெடியளின்ர ஊர்க்காரர் என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். "எங்கட நிலைமையைப் பாருங்கோ சித்தப்பா, உங்களுக்கு நைஜீரியாக் கவலை" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொன்னேன், நாலு பேர் கேட்க. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து பெடலைச் சுற்றினார். அதற்குப் பிறகு இருபது வருடம் என்னோடு அந்த ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2015 இல் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மணந்த அன்றுதான் திரும்ப அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது.

பொதுநலவாய நாட்டுத் தலைவர்கள் ஒக்லண்டில் மாநாட்டுக்குக் கூடியிருந்த நேரத்தில்தான் அந்தத் தூக்கு. நைஜீரியாவை அமைப்பிலிருந்து இடைநிறுத்தினார்கள். 1999 இல் இராணுவ ஆட்சி முடிய, திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கிகள் பெருகின. 1998 டிசம்பரில் கைமா என்ற ஊரில் இஜோ இளைஞர்கள் கூடி எண்ணெய்க் கம்பனிகளை வெளியேறச் சொன்னார்கள். 1999 நவம்பரில், பொலிசாரைக் கொன்றதற்குப் பழிவாங்க என்று இராணுவம் ஓடி என்ற ஊரை அழித்தது. 2006 இல் மெண்ட். 2009 இல் அரசு பொதுமன்னிப்புத் திட்டம் கொண்டுவந்து, ஆயுதத்தைக் கையளித்தவர்களுக்கு மாதம் 65,000 நைரா கொடுத்தது. சண்டை தணிந்தது, அது நல்லதுதான். ஆனால் இலைக்கொப்போடு வந்தவர்களுக்குக் கயிறும், துப்பாக்கியோடு வந்தவர்களுக்குக் கொடுப்பனவும் கிடைத்ததைப் பார்த்து வளருகிற பெடியன் எதைப் படிப்பான்? நான் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள். பிள்ளைகள் நாங்கள் சொல்வதைப் படிப்பதில்லை, எங்களுக்கு நடப்பதைத்தான் படிக்கிறார்கள்.

குழாயில் திருடுகிறார்கள் என்ற கதையும் உண்மை. கண்டல் காட்டுக்குள் இரும்புப் பீப்பாயில் மசகெண்ணெயைக் காய்ச்சி டீசல் எடுக்கிறார்கள். அது வெடித்தும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அந்தக் கரியும் சுற்றாடலை நாசமாக்குகிறது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு துளி பெற்றோலுக்காக எங்கள் ஆட்கள் கிளாலிக் கடலில் இரவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகு ஓட்டின காலத்தை நான் கண்டிருக்கிறேன். எரிபொருளை இல்லாத இடத்துக்குக் கொண்டுவர ஆபத்தை எடுத்தோம். அவர்களுக்கு அது காலடியில் இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை.

கசிவு ஏற்பட்டால் முதலில் வருகிற கேள்வி, குழாய் துருப்பிடித்து வெடித்ததா, யாராவது வெட்டினார்களா என்பது. வெட்டினார்கள் என்றால் நைஜீரியச் சட்டப்படி நட்டஈடு இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கிற கூட்டுப் பரிசோதனையில் கம்பனியின் ஆட்களே முக்கிய பங்கு. இதை வாசித்தபோது எனக்கு அந்த அலுவலக வாசல் நினைவுக்கு வந்தது. போத்தல் அவர்களிடம், இயந்திரம் அவர்களிடம், தாள் அவர்களிடம். எங்களிடம் மூக்கு மட்டும்.

2008 இல் போடோ என்ற ஓகோனி ஊரின் கழிக்குள் இரண்டு தரம் எண்ணெய் கொட்டியது. ஏழு வருடம் கழித்து, 2015 ஜனவரியில், லண்டன் வழக்கின் முடிவில் ஷெல் 55 மில்லியன் பவுண் தர ஒத்துக்கொண்டது. 15,600 பேருக்கு 35 மில்லியன், ஊருக்கு 20 மில்லியன். நாங்கள் கானோடு வரிசையில் நின்ற அதே தை மாதம். கோய், ஒருமா ஊர் விவசாயிகள் 2008 இல் நெதர்லாந்தில் தொடங்கிய வழக்குக்கு 2021 இல் ஹேக் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: யாரோ வெட்டினார்கள் என்று கம்பனி ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவில்லை, நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும். பதின்மூன்று வருடம். வழக்குப் போட்டவர்களில் சிலர் உயிரோடு இல்லை, பிள்ளைகள்தான் தீர்ப்பைக் கேட்டார்கள்.

எங்களுக்கு அவ்வளவு காலம் செல்லவில்லை. தெற்கிலிருந்து வந்த சூழலியலாளர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, மின் உற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா கட்ட வேண்டும் என்று. தீர்ப்பைப் பேப்பரில் வாசித்த அன்று சித்தப்பா வந்து எங்கள் முற்றத்தில் வெகுநேரம் இருந்தார். வெகு சந்தோசம் அவருக்கு. ஒரு குண்டு வெடிக்காமல், ஒருவரும் சாகாமல் இது கிடைத்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்வளவுக்காரரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தோம். பவுசர் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர்.

2011 இல் மன்னார்க் கடலில் இயற்கை வாயு கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தபோது எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் உற்சாகம். இலங்கை குவைத் ஆகப்போகிறது என்றார் ஒருவர். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வலை போடுகிறவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்றைக்கென்றால் கேட்பேன். முதல் கிணறு தோண்ட முதல் யார் தண்ணீரை அளப்பது, தாள் யார் கையில் இருக்கும், பங்கு எத்தனை வீதம் என்று கேட்பேன். பிறகு கேட்டால் காலம் பிந்திவிடும்.

2021 மாசியில் சித்தப்பா காலமானார்.

2025 ஜூன் 12 அன்று நைஜீரிய ஜனாதிபதி தினுபு அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அளித்ததாகச் செய்தி வந்தது. கூடவே தேசிய விருதும். மகள் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். சித்திக்கு எண்பது நடக்கிறது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொன்னேன்.

"மன்னிப்போ?" என்றா. "ஆர் ஆரை மன்னிக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஓகோனி ஆட்களும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னேன். குற்றமில்லை என்று சொல்லச் சொல்லித்தான் கேட்கிறார்கள், மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சித்தி எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்தா. எலேமேப் பள்ளிக்கூடத்து வாசலில் சித்தப்பாவும் அவருடைய ஐந்தாம் ஃபோம் வகுப்பும். மெல்லிய மீசை, நீளக் கால்சட்டை, வெயிலுக்குச் சுருங்கின கண். பிள்ளைகளுக்குப் பின்னால் வலது மூலையில் வானத்தில் ஒரு மங்கல் புகை. பின்பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் 1984 என்று மட்டும் இருந்தது.

"அந்தப் பேருகளை இதில எழுதிவிடு பிள்ளை" என்றா. "எனக்கு நினைவில நிக்காது."

நான் போனைப் பார்த்துத் தமிழில் எழுதினேன். கென் சரோ-விவா, பாரினெம் கியோபெல், ஜோன் கபுயினென், பாரிபோர் பேரா, சற்றர்டே டோபீ, நோர்டு ஈயாவோ, டானியல் குபோகோ, போல் லெவேரா, ஃபீலிக்ஸ் நுவாட்டே. எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

"மற்ற நாலு?" என்றா சித்தி.

படம் உள்ளங்கையளவுதான். பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. மிச்ச இடத்தில் எழுத்தைச் சிறுப்பித்து அந்த நாலு பெயரையும் எழுதினேன்.